வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பாவுக்கு

அட்டவணையில் இரண்டு நிமிடம் என்றுதான் போட்டிருக்கிறது.
கடலைத் தாண்டி மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
ஒரு நாழிகையைப் பன்னிரண்டாகக் கிள்ளினால்
அதில் ஒரு கிள்ளு.

நேற்றும் வந்தேன். மூட்டம்.
ஓடுதளத்தோரக் கொட்டகையில் ஐந்து மணி நேரம்.
தீயணைப்பு உடுப்புப் போட்ட பெண்தான்
என் எடையைக் கேட்டாள், பையை வாங்கினாள்,
தேநீர் ஊற்றினாள்,
பிறகு ஜன்னலைப் பார்த்து
இன்றைக்கு இல்லை என்றாள்.
எதிர்த்தீவின் கொட்டகையிலும் ஒருத்தி
இதே வெள்ளையை மறுபக்கமிருந்து பார்த்து
இதையேதான் சொல்லியிருப்பாள்.

இன்று எட்டு இருக்கைக்கு நாங்கள் இரண்டு பேர்,
ஓர் அட்டைப்பெட்டிக் கோழிக்குஞ்சுகள்.
மினிபஸ் டிரைவர் போலத் திரும்பிப் பார்த்து
பெல்ட்டைச் சரிபார்த்தார் விமானி.
பக்கத்தில் இருந்தவர் ஜெர்மன்காரர்;
இந்த இரண்டு நிமிடத்துக்காகவே
மூன்று நாள் பயணம் செய்து வந்தவர்.
ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.
ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று
நான் முடிவு செய்வதற்குள்
புல்லில் மாடுகள் பெரிதாயின.
ஒன்று நாற்பத்தெட்டு, என்றார்,
யாரோ களவாடிவிட்ட பன்னிரண்டு விநாடிக்கு
என்னைச் சாட்சி வைப்பதுபோல.

பாப்பா வெஸ்ட்ரே.
பழைய நார்ஸ் மொழியில் பாப்பா என்றால்
பாதிரி, தகப்பன் என்கிறார்கள்.
என் காதுக்கு அது
இன்னும் எழுந்து நிற்காத ஒரு குழந்தை.

எட்வின் கிராட்டின் வீடு ஓடுதளத்தின் வேலியை ஒட்டி.
எண்பத்தொரு வயது. ஆறு வருடமாக விமானம் அவருக்கு
ஊமைப் படம்.
இரண்டு கருவிகளையும் பொருத்தினேன்,
திரையைப் பார்த்து ஒவ்வொரு சுருதியாக ஏற்றினேன்.
முதலில் கேட்டது சுவர்க்கடிகாரம்;
அதை நிறுத்தச் சொன்னார்.
அப்புறம் தன் கோப்பையில் தானே கலக்கிய கரண்டி.
இன்னொரு முறை கலக்கினார், சர்க்கரை இல்லாமல்.

அப்போது வெளியே எஞ்சின் எழுந்தது,
ஜெர்மன்காரரைத் திருப்பிக் கொண்டுபோக.
எட்வின் ஒரு விரலைத் தூக்கினார்.
விமானம் புல்லை விட்டது, நீரைக் கடந்தது,
அக்கரையில் புள்ளியாகி உட்கார்ந்தது.
அங்கே இந்நேரம் வாட்சை நிறுத்தியிருப்பார்கள்.
விரல் இறங்கவில்லை.
மேற்குக் காற்று.
காதுதான் என் தொழில்;
என் காதில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை.
மூன்றாம் நிமிடம். நான்காம் நிமிடம்.
கருவியின் இரைச்சலாகவும் இருக்கலாம்.
குறைக்கும் பொத்தான் என் கட்டைவிரலுக்கடியில்.

ஐந்தாவதில் அவராகவே
விரலை மேஜைமேல் வைத்தார், மெல்ல,
சக்கரம் தரை தொடுவதுபோல.
இப்போதுதான் போய்ச் சேர்ந்தது, என்றார்.

பயணப்படிப் படிவத்தில்
'பயண நேரம்' கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
அடுத்த விமானம் நாலரைக்கு,
மூட்டம் இல்லாவிட்டால்.