காலித் தட்டின் படம்

கேம்போர்னில் மழை நேராகப் பெய்வதில்லை.
பக்கவாட்டில் வந்து
கடிதத் துவாரம் வழியே வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்.
அப்படித்தான் காலை ஏழே காலுக்குக் கெரென்சா வருவாள்,
ஒரு கையில் ஜோரி, மறு கையில் மூன்று டப்பா,
மூடிக்கு மூடி ஒட்டுத்தாள்:
பத்தரைக்கு. பன்னிரண்டுக்கு. மூன்றுக்கு.
"முழுசாகச் சாப்பிட வையுங்கள், லவ்டே.
முடிந்ததும் தட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்."

பத்தொன்பது வருஷமாக என் வீட்டில்
ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.
சர்க்கரையே கூடாது என்றவர்கள்,
அழுதால் பிஸ்கட் கொடுத்துவிடு என்றவர்கள்,
திராட்சையை முழுசாகக் கொடுத்தனுப்பிவிட்டு
நான் அதை நீளவாக்கில் நாலாக நறுக்குவதைப் பார்த்துச்
சிரித்தவர்கள்,
எல்லோரையும் பார்த்தாயிற்று.
தட்டுக்குப் படம் கேட்டவள் இவள்தான்.

முதல் வாரம் அனுப்பினேன்.
பதிலுக்கு ஓர் இதயம் வரும்.
மூலையில் நாலு பட்டாணி மிஞ்சியிருந்தால்
இதயம் வராது, கேள்வி வரும்:
"எத்தனை வாய் சாப்பிட்டான்?"

எப்படி எண்ணுவது?
ஜோரி பட்டாணியைத் தின்பதற்கு முன்
மேசை விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவான்.
ட்ரூரோ போகும் ரயில்.
கேரட் துண்டு ஸ்டேஷன்.
பயணிகள் ஏறி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

போன வியாழன், மீனும் மசித்த உருளைக்கிழங்கும்.
வாயை மூடிக்கொண்டான்.
அடமில்லை, அழுகையில்லை,
ஞாயிற்றுக்கிழமைத் தபால் நிலையம் மாதிரி
சும்மா மூடியிருந்தது.
அந்தப் பக்கம் டென்சிலுக்கு மூக்கு ஒழுகுகிறது,
கைக்குழந்தைக்கு டயபர் மாற்ற வேண்டும்,
மணி பன்னிரண்டு ஐம்பது,
போன் இரண்டு தடவை அதிர்ந்துவிட்டது.
மீன் அத்தனையையும் நாய்க்கு வழித்துப் போட்டேன்.
தட்டை ஈரத்துணியால் துடைத்தேன்.
வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்தேன்.

மூன்று இதயம் வந்தது.

பொய் என்ற சொல் ஜோரிக்கு இன்னும் தெரியாது.
ஆனால் வெள்ளிக்கிழமை
என் கண்ணையே பார்த்தபடி
தன் தட்டை நாய்ப் பக்கம் நகர்த்தினான்.
பிறகு நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்
என் போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான்.

அன்று ராத்திரி ஒப்பந்தத் தாளை எடுத்து
'உணவு' என்ற பத்தியை அடித்துவிட்டு எழுதினேன்:
என்ன, எப்போது என்பதை நாம் பேசிக்கொள்ளலாம்.
எவ்வளவு என்பது அவன் பாடு.
உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது எதுவானாலும்
அந்த நிமிஷமே சொல்வேன்.
படம் கிடையாது.
பல் துலக்கும்போது மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் வந்தது.

வாசலில் அவளைப் பார்த்ததும் முதலில் வந்தது வேறு:
"வியாழக்கிழமை மீனை நாய் தின்றது."

அவள் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.
கத்துவாள் என்று நினைத்தேன்.
"முப்பது வாரத்தில் பிறந்தான்," என்றாள்.
"குழாய் வழியே, எட்டு மில்லி, மூணு மணிக்கொரு தடவை.
சுவரில் ஒரு அட்டவணை.
நர்ஸ் டிக் அடித்ததைப் பார்த்தால்தான்
வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்."

இதற்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை.
'முன்பே தெரிந்திருந்தால்' என்று தொடங்கி நிறுத்தினேன்.
தெரிந்திருந்தாலும் என் பதில் இதுதானே.
"படம் மட்டும் கிடையாது, கெரென்சா,"
இன்னும் மெதுவாகச் சொன்னேன்.
சரி என்று அவள் சொல்லவில்லை.
பேனாவை வாங்கினாள்.
கையெழுத்தில் பாதியை மழை வாங்கிக்கொண்டது.

திங்கட்கிழமை அதே மூன்று டப்பா.
ஒட்டுத்தாளில் மட்டும், வேறு மையில்,
பன்னிரண்டு வாக்கில்.

இப்போது போன் கரண்டி இழுப்பறைக்குள் கிடக்கிறது.
பன்னிரண்டு ஐம்பதுக்கு
ஸ்பூன்கள் எல்லாம் ஒருமுறை நடுங்கின.
திறக்கவில்லை.
மேசையில் பதினோரு பெட்டிகளோடு ரயில் புறப்பட்டது.
ஜோரி எஞ்சினை மட்டும் எடுத்து வாயில் போட்டு
வெகுநேரம் மென்றான்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.