இரண்டாம் பொட்டலம்

வாழப்பாடியிலிருந்து முதல் பேருந்தில் வந்தவள்
டிஏபி மூட்டையைக் கிழித்துத் தைத்த பையிலிருந்து
இரண்டு பொட்டலம் எடுத்து வைத்தாள்.
ஒன்றில் சீட்டு இருந்தது:
பாவாயி, க/பெ மாதேஸ்வரன்,
பயிர் சின்ன வெங்காயம்,
முன்பயிர் மரவள்ளி, அதற்கு முன்பும் மரவள்ளி.
மற்றதில் ஒன்றும் எழுதவில்லை.

என்ன குறை என்றேன்.
"அறுத்தா கண்ணு கரிக்கலைங்க."

இந்த ஆய்வகத்தில் எனக்குப் பதினோரு வருடம்.
விளையலை, வெளுத்துப்போச்சு, வேர் அழுகுது என்றுதான்
மண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.
அழுகை வரவில்லை என்று வந்தவள் இவள் ஒருத்தி.
ஆத்தூர் மண்டியில் ஒன்றை நசுக்கி மோந்துவிட்டு
கிலோவுக்கு நாலு ரூபாய் குறைக்கிறார்களாம்.

மஞ்சளடிப்பது அடித்தாளா, குருத்தா?
குருத்துங்க.
தழைச்சத்து குறைந்தால் முதிர்ந்தது முதலில் பழுக்கும்.
கந்தகம் அப்படியில்லை,
பழைய தாள் புதிய தாளுக்குக்
கைமாற்றுக்கூடத் தராது.

உலர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, சலித்து,
கரைசல் ஊற்றி அரைமணி குலுக்கி வடித்தேன்.
இரண்டு குழாயும் ஒரே தெளிவு.
பேரியம் உப்பு ஒரு சிட்டிகை விழுந்ததும்
பெயரில்லாத மண்
கஞ்சித் தண்ணீராய்க் கலங்கியது.
பாவாயி மண்ணின் வழியாக
சுவரிலிருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது.
ஆறு. பதினேழு.
பத்துக்குக் கீழே போனால் பற்றாக்குறை.

இது யார் நிலம்?
"வரப்புக்கு அந்தப் பக்கங்க. எங்க மூத்தாருது."

பாகம் பிரிந்து பத்தொன்பது வருடம்.
வரப்பு ஒன்றரை அடி தள்ளிக் கிடப்பதாக வழக்கு.
பேச்சுவார்த்தை இல்லை.
விடியுமுன் டார்ச் அடிக்காமல் இறங்கி
துண்டறிக்கையில் போட்டபடியே ஆறங்குலம் வெட்டியிருக்கிறாள்,
அங்கேயும், ஒழுங்காக.

அந்தப் பக்கம் கடலை, கடலை எடுத்துத் தட்டைப்பயறு,
பிறகுதான் வெங்காயம்.
பூவெடுக்கும் நேரத்தில் ஜிப்சம் மூட்டையோடு நிற்பாராம்.
சித்திரையில் ஆட்டுக்கிடை.
இந்தப் பக்கம் சேகோ ஆலை லாரி ஏற்றிப்போகும் கிழங்கு,
திரும்பவும் கிழங்கு, மேலே டிஏபி.
சூப்பர் பாஸ்பேட் கனம், தூக்க ஆளில்லை என்று
விட்டது எந்த வருடமோ, நினைவில்லை.
அதோடு கூப்பிடாமலே வந்துகொண்டிருந்த கந்தகமும்
அன்றோடு நின்றது.

ஆராய்ச்சி நிலையத்தில் பாத்தி பிரித்து
இதையே செய்யத்தான் நிதி கேட்பார்கள்,
மூன்றாம் வருடம் நின்றுபோகும்.
ஒரே பாட்டன் மண், ஒரே மழை.
ஒரு பட்டம் தவறாமல்
நடத்தியிருக்கிறது இவர்கள் பகை.

ஏக்கருக்கு இவ்வளவு ஜிப்சம், தொழு உரம்,
அடுத்த பட்டம் கடலை என்று எழுதினேன்.
"கடலைய மட்டும் அடிச்சிருங்க,
அவரைப் பாத்துப் போட்டதா ஆயிரும்."
அடித்தேன். கீழே
'ஏதாவது ஒரு பயறு' என்று எழுதினேன்.
வாசித்துவிட்டுப் பேசாமல் மடித்துக்கொண்டாள்.

இரண்டாவது அட்டையில்
உரிமையாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது.
பெயரில்லாமல் முத்திரை வைக்க விதியில்லை.
பேனாவை மூடிவிட்டேன்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்து
சல்லடையில் மீந்ததைக் கேட்டாள்.
எதற்கு?
"போற வழியில போட்டர்றேங்க.
ஒரு பிடின்னாலும் அவங்க மண்ணு."