அடிப்பிடித்தால் இருபது ரூபாய்

ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ச்சந்தில்
எங்கள் கடை.
குக்கர், வாணலி, பம்ப் ஸ்டவ், கரண்டி இரண்டு,
தட்டு ஆளுக்கு ஒன்று.
நாள் வாடகை. அட்வான்ஸ் தனி.
காட்பாடியில் இறங்கி
ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்கள்
டாக்டரைப் பார்க்கும் முன்னால்
சோறு வேகப் பாத்திரம் பார்ப்பார்கள்.

ஒவ்வொன்றின் வயிற்றிலும்
அப்பா சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய எண்.
திரும்பி வந்ததும் அம்மா பார்ப்பது
விசில் இருக்கிறதா, கைப்பிடி ஆடுகிறதா,
அப்புறம் அடி.
அடிப்பிடித்திருந்தால் இருபது ரூபாய் பிடித்துக்கொள்வாள்.
நோட்டில் அதற்கென்றே ஒரு பத்தி.

இறுதியாண்டுக்கு
வீடு, நினைவு, அன்றாடப் பொருள் என்று தலைப்பு கொடுத்து
இன்ஸ்டலேஷன் செய்யச் சொன்னார்கள்.
அற்புதமேரி தன் பழைய யூனிஃபார்ம்களைத் தைத்துக்
கூடாரம் போட்டாள்.
எனக்கு அந்தப் பத்திதான் ஞாபகம் வந்தது.

தேய்க்காதே என்றேன்.
"இன்னாடி சொல்ற, கரியோட வச்சிக்கினு
எவனுக்கு வாடகைக்கு உடுறது?"
ஆனாலும் கொடுத்தாள்,
நாலு மாதத்தில் இருபத்து மூன்று பாத்திரம்,
வாடகையை என் பேரில் எழுதிவிட்டு.

கரி ஒரே மாதிரி இல்லை.
பால் கரிந்தால் பழுப்பு வளையம்.
பருப்பென்றால் வெடித்த ஏரி.
சோறு கரிந்த இடத்தில்
பருக்கை பருக்கையாய் வெள்ளைத் தடம்.
ஒன்பதாம் எண்ணில் கரண்டி சுரண்டிய ஏழு கோடு,
ஏழோடு நின்றுவிட்டது.
வார்டிலிருந்து போன் வந்திருக்கும்,
கையெழுத்துப் போட வாங்க என்று.
ஸ்டவ்வை அணைத்துவிட்டுப் போனார்களா என்பது
அடியைப் பார்த்தால் தெரியும்.
மற்றது தெரியாது.

சுண்ணாம்பு அடிக்கக் காலியாக இருந்த
லாட்ஜின் பதினான்காம் அறையை
மேனேஜர் ஜெயவேலு மூன்று நாள் தந்தார்.
கண்ணாடி மாட்டும் உயரத்தில்
வாய் நம் முகத்துக்கு நேராக
நைலான் கயிற்றில் தொங்கவிட்டேன்.
ஒரே ஒரு பல்பு.
ஃபேன் போட்டால் ஒன்றோடொன்று மோதி
மெஸ் கழுவுகிற சத்தம்.
போடாவிட்டால் மே மாத வேலூர்.
போட்டேன்.

வெளித்தேர்வாளர் கழுத்தைத் துடைத்தபடி
"இதில் உன் தலையீடு எங்கே?" என்றார்.
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
அம்மா வாசலில் நின்று, யாரும் கேட்காமல்,
"பதினொண்ணு அசாம்காரங்க. பதினாறு மால்டா.
பத்தொம்போது, அட்வான்ஸைக் கூடத்
திரும்ப வாங்காம பூட்டாங்க."
அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

பக்கத்து அறைப் பெண் உள்ளே வந்தது அப்போதுதான்.
ஈரத் தலை, சங்கு வளையல், கையில் பாதி முட்டைகோஸ்.
கடை என்று நினைத்திருக்க வேண்டும்.
பதினேழாம் வாணலியை
விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள்.
"கொதோ?"
அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.
"ஏக் தின் தீஸ் டாக்கா."
முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தது நான்தான்.
வெறுங்கயிறு ஆடிக்கொண்டிருந்தது.
தேர்வாளர் அதை மட்டும் போட்டோ எடுத்தார்.

ஆறாம் நாள் வாணலி திரும்பி வந்தது.
மணல் போட்டாளோ சாம்பல் போட்டாளோ,
நான் காபந்து பண்ணிய கரி துளியும் இல்லை.
அடியில் என் மூக்கு தெரிந்தது.
லேசாகக் கடுகெண்ணெய் வாசம்.
யாருக்கு என்ன, எப்படி இருக்கிறது என்று
நாங்கள் கேட்பதில்லை, கடை வழக்கம்.
அம்மா நோட்டைத் திறந்தாள்.
தேய்த்துக் கொடுத்தால் என்ன கணக்கு என்பதற்கு
அதில் பத்தி இல்லை.
எச்சில் தொட்டு அட்வான்ஸை எண்ணினாள்,
கூட ஒரு இருபது வைத்து நீட்டினாள்.
அந்தப் பெண் திரும்ப எண்ணிவிட்டு
இருபதைக் கல்லாவின் மேல் வைத்துப் போனாள்.

மீதி இருபத்திரண்டும் என் கட்டிலுக்கு அடியில்.
வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.