பிப்ரவரி முப்பது

எனக்கு முன்னால் இந்த அறையைப் பார்த்துக்கொண்ட சிமாங்கோ
ஒருநாளும் வேலையைத் தவறவிட்டதில்லை,
நோட்டுப் புத்தகத்தில்.
ஆயில்: சரி. தண்ணீர்: சரி. பெல்ட்: சரி.
ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே உட்காரல்.
பிப்ரவரி முப்பதுக்கும்
சரி.

வந்த அன்று அளவுக்கம்பியை உருவினேன்.
துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன்.
கீழ்க்கோட்டுக்கும் கீழே
கண்மை தொட்டுவைத்த மாதிரி ஒரு சொட்டு.
பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது.
டீசல் டாங்கியின் அடிக்குழாயைத் திறந்தேன்,
முதலில் வந்தது டீசல் இல்லை,
போன வருஷத்து மழை.

ஏரிப்பூச்சிகளைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.
ந்காட்டா பே கரையிலிருந்து பார்த்தால்
மலாவி ஏரி நடுவே புகை எழும்பும்,
படகு எரிகிறதோ என்று நினைப்போம்.
கிட்டே வந்த பிறகுதான் தெரியும்
அத்தனையும் சிறகு.
ரேடியேட்டரில் ஓர் இடுக்கு பாக்கியில்லை.
பழைய பல் பிரஷ்ஷால் மூன்று மணி நேரம் சுரண்டினேன்.
ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து கும்போ எட்டிப் பார்த்தாள்:
"பிடிப்பதென்றால் சட்டியில் பிடி.
இரும்பில் ஒட்டவிட்டு வீணாக்குவார்களா?"
மறுநாள் அவள் சட்டியில் பிடித்ததை
கறுப்பு அடையாகத் தட்டிக் கொண்டுவந்தாள்.
உப்பு கொஞ்சம் தூக்கல். முழுதும் தின்றேன்.

வாரம் அரைமணி ஓட்டு என்கிறது கையேடு.
சும்மா ஓட்டினால் போதாது.
சுமையில்லாத டீசல் என்ஜினுக்குச் சூடு ஏறாது,
அரைகுறையாய் எரிந்து
புகைக்குழாயில் தாராய் ஒழுகும்.
இதைத்தான் சிஸ்டர் தாவோங்காவிடம் சொன்னேன்.

"வருகிற கரண்டை நீயே அணைப்பாயா?
வெப்பப்பெட்டியில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு
எல்லாரும் விழித்திருக்கும்போது அணைப்பேன்,
நான் இங்கேயே நிற்பேன்.
அதுவாக அணையும்போது
யாரையும் மணி கேட்காது."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.
"எத்தனை நொடி இருட்டு?"
"பன்னிரண்டு."
"எண்ணுவேன்."

எண்ணினார்.
ஒரு கையில் டார்ச், இன்னொரு கை பெட்டியின் மூடி மேல்,
வார்டுக்கே கேட்கும்படி, டோங்கா மொழியில்.
பதினாறு.
அந்த வாரம் முழுக்க, நடைபாதையில் எதிர்ப்பட்டால்
வணக்கத்துக்குப் பதில் அந்த எண்தான்.

குழாய் குழாயாய்த் தடவிப் பார்த்தேன்.
எரிபொருள் வழியில் ஒரு கவ்வி தளர்ந்து
டீசலோடு காற்றையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.
ஸ்க்ரூ டிரைவரில் ஒன்றேகால் திருப்பு. அவ்வளவுதான்.
துணி துவைக்கும் இடத்தில் சொல்லிவைத்தேன்,
செவ்வாய் பத்து மணிக்கு எல்லா மெஷினையும் போடுங்கள்,
போர்வை, திரை, டாக்டர் கோட்டு, எதுவானாலும்.
அடுத்தடுத்த செவ்வாய்களில்
புகை முதலில் கறுத்தது, பிறகு வெளுத்தது,
பிறகு குழாய் வாயில்
காற்று மட்டும் நடுங்கியது.

புயல் வந்த ராத்திரி நான் வீட்டில் தூங்கிவிட்டேன்.
விடிந்ததும் போனில் சார்ஜ் ஏறவில்லை,
அதில்தான் தெரிந்தது.
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அறைக்கு முப்பதடி இருக்கும்போதே சத்தம் கேட்டது.
சீரான சத்தம். ஆறு மணி நேரமாய் ஓடுகிறதாம்.
மீட்டர்: ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு.
வாசலில் வரிசை வழக்கம்போல,
யாரோ கஞ்சி ஆறிவிட்டதென்று சண்டை,
ராத்திரியைப் பற்றி ஒரு பேச்சில்லை.

சிஸ்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.
என் நிழல் தாளில் விழுந்ததும்,
தலை தூக்காமல்,
"பதினொன்று" என்றார்.

கரண்ட் திரும்பியதும் என்ஜினை ஆறவிட்டு
நோட்டை எடுத்தேன்.
மார்ச் ஒன்று.
ஆயில் அரைக் கோடு குறைவு, ஊற்றியாயிற்று.
பெல்ட்டின் உள்பக்கம், இடது விளிம்பில்
நகக்கண் அளவு வெடிப்பு.
புதியது கேட்டிருக்கிறேன்.