பதினெட்டு அறை தள்ளி

வியாழக்கிழமைகளில் வருவார்.
கொரீசியாவிலிருந்து எல்லையை நடந்தே கடந்து,
ரயில் நிலையத்தின் முன்னே தரையில் பதித்த
அந்தக் கோட்டை மட்டும் மிதிக்காமல் தாண்டி வருவார் என்று
வாசல்காரன் சொன்னான்.
ஓத்தாவியோ. ரயில்வேயில் கணக்கராக இருந்தவர்.
கட்டம் போட்ட நோட்டு, இரண்டு பென்சில்,
சர்க்கரை இல்லாத ஒரு காபி.
இரண்டு வருஷமாக ஒரு வில்லையும் வைத்ததில்லை.

மற்றவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள்.
மகளின் பிறந்த தேதி, கார் நம்பர்,
கணவன் கடைசியாகப் படுத்திருந்த வார்டு.
இவர் பார்ப்பது தூரத்தை:
என் விரலை விட்டுப் பந்து கிளம்பிய இடத்துக்கும்
அலுத்துப்போய் அது விழுந்த இடத்துக்கும் நடுவே
எத்தனை அறைகள்.

முப்பத்தேழு அறை கொண்ட வீடு அது.
பூஜ்யத்துக்கு அண்டை வீட்டார் பதினேழு பேர்,
எதிர்ச்சாரியில் பன்னிருவர்.
எதிலும் சேராமல் இடுக்குகளில் நிற்கும் எட்டு எண்களுக்கு
எங்கள் தொழிலில் அநாதைகள் என்று பெயர்.
பயிற்சியின் முதல் வாரம்
மளிகைச் சீட்டுபோல ஒப்பித்தேன்:
ஒன்று, இருபது, பதினான்கு, முப்பத்தொன்று, ஒன்பது,
பதினேழு, முப்பத்துநான்கு, ஆறு.

ஒருநாள் இடைவேளையில், புகைபிடிக்கும் கதவருகே,
பேசக் கூடாது, பேசினார்:
"உன் கை பதினெட்டு அறை தள்ளிப் போடுகிறது, நெவென்கா.
சோர்ந்திருந்தால் இருபத்தொன்று.
இரண்டாயிரத்து முந்நூறு சுற்று எழுதியாகிவிட்டது.
ஒன்பது மணிக்கு வரும் பையன் வெறும் இரைச்சல்.
நீ கையெழுத்து."

இரைச்சல் என்று சொல்லியிருந்தால்
நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டாயிரத்து முந்நூறு அரிசியைத் தரையில் இறைத்தால்
எங்காவது ஒரு மூக்கு, ஒரு தாடை தெரியத்தான் செய்யும்.
காக்கை உட்காருகிறது, பனம்பழம் விழுகிறது,
அவர் அதற்கு நேரமும் திசையும் குறித்துவைக்கிறார்.
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.
ஆனால் மறுநாள் மாடிப்படி ஏறும்போது
வலது காலைத்தான் முதலில் வைத்தேன்.
அதற்கு மறுநாளும்.
சாவியை இரண்டு தடவை திருப்பி, அரைத் தடவை பின்வாங்கி,
மறுபடி ஒரு தடவை.
யாரிடம் கற்றேன் இதை?

மூன்று இரவு வேண்டுமென்றே முயன்றேன்.
போரா காற்று கண்ணாடிக் கதவை உதைத்துக்கொண்டிருந்தது.
சக்கரம் ஒருமுறை வலம், ஒருமுறை இடம்,
பந்தை அநாதைகளின் பக்கம் அனுப்ப நினைத்து,
மணிக்கட்டை எண்ணெய் போட்ட கீல்போலப் பழக்கி,
நாற்பது தடவை.
ஒன்பது விழுந்தன.
துணி துவைப்பதை நினைத்துக்கொண்டு போட்டிருந்தாலும்
ஒன்பதுதான் விழுந்திருக்கும்.
வேண்டும் என்று நினைக்கும்போது என் கையில் நான் இல்லை.
நினைக்காதபோது இருக்கிறேனா?
அந்த நோட்டில் இருக்கிறேன் என்கிறார்.

போன வியாழன் பெட்டியைத் திறப்பதுபோலக் கோட்டுப் பையைத் திறந்து
ஐந்து யூரோ வில்லை ஒன்றை எடுத்தார்.
பதினேழின் மேல் வைத்தார். அநாதை.
மேற்பார்வை போகோமிர் நிமிர்ந்து பார்த்தான்.
துருக்கிக்காரர்கள் இருவர் பேச்சை நிறுத்தினார்கள்.

பந்து விரலிடுக்கில் இருந்தது.
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக
அதன் எடை தெரிந்தது.
எப்படிப் போடுவேன் நான், வழக்கமாக?

போட்டேன்.
விளிம்பில் ஒருமுறை சுற்றி, வைரக் கட்டையில் மோதி,
சக்கரத்தை விட்டே துள்ளிக் கம்பளத்தில் விழுந்து
யாருடைய செருப்பையோ உரசி
மேஜைக்கடியில் ஓடிவிட்டது.
"சுற்று செல்லாது" என்றேன். என் குரல்தான்.
போகோமிர் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடினான்.

ஓத்தாவியோ வில்லையை எடுத்துக்கொண்டார்.
பென்சிலை நாக்கில் தொட்டார்.
நோட்டின் அந்தக் கட்டத்துக்கு மேல்
கொஞ்ச நேரம் கை நின்றது.
பிறகு குனிந்து, மேஜைக்கடியில் பார்த்து,
மெதுவாக
எண்ணத் தொடங்கினார்.