இடப்பக்க ஷிஃப்ட்

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் இங்கால
ஏசி போட்ட கடை.
செருப்பைக் கழட்டவோ என்று கேட்டேன்.
வேண்டாம் அண்ணை, வாங்கோ என்றான் பெடியன்.
நகத்துக்குள் கிறீஸ். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு
வரிசையாய் வைத்ததைப் பார்த்தேன்.
டெல். எச்பி. லெனோவோ.
மூடியிருக்கையில் மூன்றும் ஒரே சாம்பல்,
மழை விட்டபின் குளக்கட்டில் நிற்கிற எருமைகள் போல.

பெடியன் எண்களில் கதைத்தான்.
எட்டு ஜீபி, பதினாறு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
நான் டிராக்டர் எஞ்சினோடு பதினெட்டு வருசம் கிடந்தவன்.
மூடியில் எழுதின குதிரைவலுவை நம்பி
எத்தனை பேர் வயல் நடுவில் புதைந்து நின்றதைக் கண்டவன்.
ஒவ்வொன்றையும் கவிழ்த்து
காற்று வாங்கும் துளைகளைப் பார்த்தேன்.
பங்குனி வெயில், தகரக்கூரை, மல்லாவிப் புழுதி.
இந்த மூக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்?
உழவுக்கோ கொண்டு போறியள் என்று சிரித்தான்.

ஆளாளுக்கு ஒரு மதம்.
கந்தோர் நகுலேசு: டெல் எடு, விழுந்தாலும் எழும்பும்.
பால் சங்கத் தலைவர்: எச்பிக்கு வவுனியாவிலயே பார்ட்ஸ் இருக்கு.
(பார்ட்ஸ் என்ற சொல்லில் நான் கொஞ்சம் சாய்ந்தது உண்மை.)
லண்டனிலிருந்து மச்சான் சேந்தன், வாட்ஸப்பில்:
காசைக் கரியாக்காதை, என்ர பழசை அனுப்பிறன்.

ஒருவரும் கேட்கவில்லை
வசந்தரூபி எப்படி எழுத்தடிப்பாள் என்று.

இடக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும்
மாத்தளனிலேயே நின்றுவிட்டன.
கலியாணத்தில் மோதிரத்தை வலக்கையில் போட்டேன்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாமினியில் அடிப்பவள்.
பால் கணக்கு, பரீட்சை விண்ணப்பம், யாரோ வீட்டு மரண அறிவித்தல்.
அதில் உகரம் எல்லாம் ஷிஃப்டைக் கேட்கும்.
கு-வும் சு-வும் வலப்பக்க ஷிஃப்டோடு ஒருமாதிரிப் போய்விடும்.
மு தான்.
வலக்கை ம-வில் நிற்க
இடக்கை நடுவிரல் வளைந்து
மூலைக்கு எட்டி அந்தக் கட்டையை அமத்த வேண்டும்.
ஒரு நாளைக்கு எத்தனை மு!
முள்ளியவளை, முறிகண்டி, முழங்காவில்,
முத்தையன்கட்டு, முல்லைத்தீவு.
எங்கட ஊர்களுக்கு அவளில் என்ன கோபமோ.

பெடியனிடம் ஒரு றப்பர் பான்ட் கேட்டேன்.
இரண்டு விரலை மடக்கிக் கட்டிக்கொண்டு
மூன்றிலும் அடித்தேன், முறிகண்டி, முறிகண்டி.
ஒன்றில் விரல் வழுக்கியது.
ஒன்றில் கட்டைக்கு ஆழம் இல்லை,
அமத்தினதே விரலுக்குத் தெரியவில்லை.
சேந்தனிடம் கீபோர்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.
லண்டன் ஷிஃப்ட் பாதிதான் இருந்தது,
மிச்ச இடத்தில் வேறொரு கட்டை வந்து குந்தியிருந்தது.
வேண்டாம் மச்சான் என்றேன்.
ரோசம் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாவதில் விரல் போய் இருந்தது,
ஸ்பானர் நட்டில் பிடிப்பது போல.
அதன் பெயரை பில் எழுதும்போதுதான் வாசித்தேன்.
பெடியன் இப்போது சிரிக்கவில்லை.
அக்கா பால் சங்கத்திலயோ என்று மட்டும் கேட்டான்.

விலை ஒன்று இருபது என்று சொல்லிவைத்தேன்.

இரவு, பிள்ளை நித்திரையானபின் திறந்தாள்.
முதல் வேலையாய் ஒரு அட்டவணை போட்டாள்.
மாதம், கட்டுக்காசு, மிச்சம்.
மேலே மொத்தம்: இரண்டு பதினைந்து.
எனக்குக் காது சுட்டது.
"அந்தப் பெடியனுக்கு ஏஎல் விண்ணப்பம் அடிச்சுக் குடுத்ததே நான்தான்"
என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு தலைப்பு:
முதல் தவணை.
மு-வுக்கு விரல் போனது.
தேடாமல் போனது.
நான் நுளம்புவலையைக் கட்டுகிறவன் போல நின்று பார்த்தேன்.

மூடித் தூக்கிப் பார்த்தாள்,
ஒருதரம் இடக்கையால், ஒருதரம் வலக்கையால்.
"துணுக்காய் பஸ்ஸில் நின்றுகொண்டு போக
கொஞ்சம் பாரம்தான் என்ன?"

பாரத்தைப் பார்க்கவே நான் மறந்துபோனேன்.