இருப்புக் கணக்கு

வாழைச்சேனைக்கு இப்பால்,
பெயர்ப்பலகை இல்லாத ஸ்டேசன் இதுதான், ஐயா.
கோப்பில் உள்ளது சரி.
சிலிப்பர் கட்டை முந்நூற்றுச் சொச்சம்,
அந்தப் பக்கத்துத் தண்டவாளம்,
எல்லாம் நிலத்துக்குக் கீழே.

மேடைக்கு அடியில் குடைந்த பங்கருக்கு
அதுதான் கூரை.
இப்போது தவளையும் மாரித் தண்ணியும்.
குனிந்து பாருங்கள், கோப்பு நனையாமல்.

பதினொரு குடும்பம் இருந்தோம்.
ஷெல் விழ இரும்பு அதிரும்;
வண்டி வருகுது என்று பிள்ளைகள் கத்தும்.
கார்ட் விட்டுப்போன பச்சை லாம்பில்தான்
மூத்தவளைப் பெற்றேன்,
வெளியே இரவா பகலா தெரியாது.

மறுகா, பதிவுக்குத் திகதி வேணும் என்றார்கள்.
திகதி யாரிடம் இருந்தது?
கவுண்டர் மூலையில் துருவேறிக் கிடந்தது
டிக்கற்றில் நாள் குத்துகிற மெசின்.
வேலாப்போடி அதன் வாயில் ஒரு அட்டையைக் கொடுத்து
ஓங்கி அடித்தார்.
மை இல்லை, பள்ளமாக விழுந்தது
கடைசி வண்டி போன நாள்.

அதையே எழுதினோம்.
பிறந்தபோதே அவளுக்கு ஒன்றரை வயது.
மூன்றரையில் பள்ளிக்கூடம் போய்
வாங்கிலில் கால் எட்டாமல் அழுதாள்.
இப்போது கல்முனைக் கந்தோரில் கிளாக்கர்.
பென்சனும் முந்தித்தான் வரும்.

கட்டைகளைக் கழித்துவிடுங்கள், ஐயா,
உக்கிப் போச்சு.
மெசின் காணவில்லை என்று எழுதுங்கள்.

எழுதியாச்சா?
தேத்தண்ணி ஆறுது.
அது என் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கு.